ஸ்டவ்தான் டாக்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பக்கத்து மனையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. மனையின் மூலையில் வாட்ச்மேன் குடும்பம் ஷெட் போட்டுத் தங்கியிருக்கிறது. வாட்ச்மேனின் மனைவி ஷெட்டுக்கு வெளியே மூன்று கல் வைத்துச் சமைக்கிறாள். புகை எங்கள் பால்கனிகளுக்கு வருகிறது, காயப்போட்ட துணியில் கரி விழுகிறது. ஆகவே சங்கத்தின் செலவில் ஷெட்டுக்கு எங்களைப் பார்த்த பக்கம் ஒரு தகர ஷீட் அடித்துக் கொடுப்பது, அடுப்பை உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்வது. இவ்வளவுதான் தீர்மானம். அடுத்து லிஃப்ட் பராமரிப்பு பற்றிப் பேசினோம்.

பெருங்களத்தூரில் இப்போது தெருவுக்கு நான்கு கட்டடம் எழும்புகிறது. எல்லா மனையிலும் இப்படி ஒரு ஷெட் இருக்கிறது. அதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் நடைப்பயிற்சிக்குப் போகிறேன், வருகிறேன். கூட்டம் முடிந்து மாடிக்குத் திரும்பியபோது என்னை நிறுத்தியது வாசனை. வாட்ச்மேனின் மனைவி எரிப்பது சென்ட்ரிங் பலகை. கான்கிரீட் ஒட்டாமல் இருக்கக் கழிவு ஆயில் பூசுவார்களே, அந்தப் பலகையின் உடைந்த துண்டுகள். மரம் எரிகிற வாசனைக்கு அடியில் எண்ணெய் எரிகிற வாசனை. தொண்டையின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

என் வயதுக்காரர்களுக்கு, அதிலும் தாம்பரத்துக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு, அந்த வாசனையின் மூத்த உறவு தெரிந்திருக்கும். ஸ்லீப்பர் கட்டை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை. கரையான் அரிக்காமல், மழையில் மக்காமல் இருக்கத் தார் போன்ற ஒரு கறுப்பு எண்ணெயில் ஊறவைத்தது. மரத்துக்குப் பதில் சிமெண்ட் கட்டை போட ஆரம்பித்த காலத்தில் பழைய கட்டைகள் ஏலத்தில் போய், கைமாறி, விறகு விற்கும் தொட்டிகளுக்கு வந்தன. சவுக்கு விறகில் பாதி விலை. ஈரத்திலும் எரியும். இரண்டு துண்டு வைத்தால் ஒரு உலை கொதித்துவிடும். எங்கள் வீட்டில் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தோம்.

அப்போது எனக்குப் பத்து வயது. பீர்க்கன்கரணையில் ஏரிக்கரைக்குக் கீழே நான்கு வீடு கொண்ட ஒரு வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு சமையலறை. சமையலறைக்கு ஒரு கதவு, மூன்று கம்பி வைத்த ஒரு சின்ன ஜன்னல். வீட்டுக்காரர்கள் ஊரின் பழைய குடும்பம். ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர்கள். நிலத்தை மனை மனையாக விற்றுவிட்டு, பக்கத்திலேயே மாடி வீடு கட்டிக் குடியிருந்தார்கள். பின்கட்டில் அவர்கள் முன்பு மாடு கட்டிய கீற்றுக் கொட்டகை காலியாகக் கிடந்தது.

அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்த ஆடி மாதம் கம்பெனியில் லாக்கவுட். அதுவரை எங்கள் வீட்டில் சமையல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நடந்தது. பித்தளை ஸ்டவ், காற்றடித்து ஏற்றுவது. மூன்று கால், நீல ஜுவாலை, அடைத்துக்கொண்டால் குத்துவதற்கு ஒரு ஸ்டவ் பின். அது சுவரில் காலண்டர் ஆணியிலேயே தொங்கும். ரேஷனில் கொடுக்கும் எண்ணெய் பத்து நாளைக்கு வரும். மிச்ச நாளைக்கு வெளியில் வாங்குவோம். லாக்கவுட்டில் நின்றது அந்த வெளியில் வாங்குவதுதான். கேஸுக்குப் பெயர் கொடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ரேஷன் எண்ணெய் இரண்டு காரியத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஒன்று, மழைக்காலத்தில் கரண்ட் போனால் விளக்கு. இன்னொன்று, யாராவது வந்தால் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போடுவது. அப்பாவின் நண்பர்களோ உறவுக்காரர்களோ வந்தால் முன்னறை அலமாரியிலிருந்து ஸ்டவ் இறங்கும். அவர்கள் கண் முன்னால் காற்றடித்துப் பற்றவைப்பாள் அம்மா. மற்ற நாளில் அது அலமாரியில் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பாள். எரியாத ஸ்டவ்வில் கறை ஏது. ஆனாலும் தேய்ப்பாள். அது அந்த வீட்டிலேயே பளபளப்பான பொருள்.

ஸ்லீப்பர் கட்டை ஆவணிக் கடைசியில் வந்தது. மூன்று சக்கர மீன்பாடி வண்டி நிறைய, சின்னச் சின்னதாக அறுத்த துண்டுகள். அப்பாவே வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். சுவரோரமாக அடுக்கிவிட்டு, ஒரு துண்டைக் கையில் எடைபோட்டுப் பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

“ரயிலையே தாங்கின கட்டை.”

அது எரியும்போது பார்க்க வேடிக்கையாக இருக்கும். மரத்தின் முனையில் கறுப்பாக நுரை தள்ளும். நுரை சொட்டி, தீயில் விழுந்து, சடசடவென்று சிவக்கும். ஜுவாலையின் நுனியில் கருநூல் மாதிரி புகை நெளிந்து மேலே போகும். கூரை ஓட்டின் அடியில் அந்த நூல்கள் ஒட்டித் தொங்கின. பாத்திரத்தின் கரி செங்கல் பொடிக்கும் தேங்காய் நாருக்கும் மசியவில்லை. சோறு வேறு மாதிரி மணந்தது. ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது. பழகாதவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். என் பக்கத்தில் உட்காரும் பெண் என் பாவாடை சட்டையை மோந்து பார்த்துவிட்டு, “நீங்க ரோடு போடுற எடத்துலயா குடியிருக்கீங்க?” என்று கேட்டாள். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரம்மா வந்தார். கையில் ஒரு வெள்ளை வேட்டி. கோபமாக வரவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வேட்டியை விரித்துக் காட்டினார்.

“இன்னாம்மா எரிக்கிற நீ? கரும்புள்ளி செம்புள்ளி குத்தினாப்ல கீது பாரு. சோப்புக்கும் போவல, சுடுதண்ணிக்கும் போவல. வேற ஒண்ணும் கேக்கல நானு. அந்த ஜன்னல மட்டும் மூடிக்க.”

அந்த மாதங்களில் வீட்டுக்காரர்கள் வாடகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பா அதை மறக்கிறவர் இல்லை. அன்று மாலையே ஒரு எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி விரித்து, ஜன்னல் சட்டத்தில் வைத்து ஆணி அடித்தார். அம்மா ஆணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்து, “நல்லதாப் போச்சு. மழைக்குச் சாரல் உள்ள வராது” என்றாள்.

அது உண்மைதான். சாரல் வரவில்லை.

இருமல் புரட்டாசியில் தொடங்கியது. முதலில் விடிகாலையில் மட்டும். பிறகு அடுப்பு எரியும் நேரமெல்லாம். ஐப்பசி மழை பிடித்ததும் எந்நேரமும். பேசிக்கொண்டே வந்து வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, சுவரைப் பிடித்து இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடிப்பாள். நாங்களும் காத்திருந்து மிச்சத்தைக் கேட்போம். அந்தக் காத்திருப்பு எங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. கண் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். ஒருநாள் வாயைத் துடைத்த முந்தானையில் நூல் கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அதை அம்மா மடித்து மறைத்துக்கொண்டாள். அப்பா பார்த்துவிட்டார்.

டாக்டரிடம் போனபோது தம்பியைத் தூக்கிக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். தம்பிக்கு அப்போது ஒரு வயது. டாக்டர் வீடு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில். அப்பா பேண்ட் சட்டை போட்டு, சட்டைப் பையில் கம்பெனி பாஸ் வைத்திருந்தார். கம்பெனி பூட்டிக் கிடந்தது. பாஸ் மட்டும் வெளியே தெரியும்படி இருந்தது. டாக்டர் அம்மாவின் முதுகில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு எடை பார்க்க அம்மாவைக் கம்பவுண்டரோடு பக்கத்து அறைக்கு அனுப்பினார். அந்த இடைவெளியில்தான் அப்பாவிடம் கேள்விகள் கேட்டார். எத்தனை நாளாக இருமல். மாலையில் காய்ச்சல் வருகிறதா. குடும்பத்தில் யாருக்காவது காசம் உண்டா. அவர் அவசரப்படவில்லை, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கடைசியாகக் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“சமையல் எதுல? விறகு அடுப்பா?”

“ஸ்டவ்தான் டாக்டர்” என்றார் அப்பா.

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நான் தம்பியின் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதை நான் பொய் என்றுகூட நினைக்கவில்லை. வீட்டில் ஸ்டவ் இருந்தது. வருகிறவர்களுக்கு முன்னால் ஸ்டவ்தான் எரியும். டாக்டரும் ஒருவகையில் வருகிறவர். கம்பெனி பாஸ் வைத்திருக்கும் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டர் ஸ்டவ் என்று எழுதிக்கொண்டார். பிறகு, சந்தேகமாக இருக்கிறது, சளியைப் பரிசோதித்துவிடலாம், அதுவரை குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம் என்றார். அவருக்குக் கொடுக்கப்பட்ட விவரத்துக்கு அது சரியான முடிவு.

அம்மாவுக்குக் காசம் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் நாங்கள் வீடு சேர்வதற்குள் அந்த வார்த்தை வீட்டில் இருந்தது. குரோம்பேட்டையிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, துணிப் பையோடு வந்து இறங்கினாள். அத்தை கெட்டவள் இல்லை. தன் வீட்டை விட்டுவிட்டு நான்கு உயிருக்குச் சமைத்துப் போட வந்தவள். வந்த அன்றே வீட்டுக்காரம்மாவிடம் பேசிக் கொட்டகையைக் கேட்டு வாங்கினாள். அம்மாவின் பாய், தலையணை, ஒரு தட்டு, ஒரு சொம்பு அங்கே போயின. சொம்பின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள், கலந்துவிடக் கூடாதென்று. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் துவைக்கிற கல் இருந்தது. அதைத் தாண்டி நாங்கள் போகக் கூடாது, அம்மா வரக் கூடாது.

முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார் டாக்டர். அதிலும் இல்லை. “சீட்டுல இல்லன்னா ஆச்சா, இருமறது யாரு?” என்று கேட்டாள் அத்தை. அப்பா இரண்டு சீட்டையும் மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்தார்.

கொட்டகையில் அம்மா தேறினாள். இதை நான் அப்போதே கவனித்தேன், அர்த்தம்தான் தெரியவில்லை. கீற்று ஒழுகியது. மூன்று பக்கம் திறந்திருந்தது, ஏரிக்காற்று நேராக அடித்தது. அந்த ஈரத்தில் படுத்த நோயாளிக்கு இருமல் அதிகமாகியிருக்க வேண்டும். குறைந்தது. பத்தாம் நாள் வாக்கியங்களை முழுதாகச் சொன்னாள். கண்ணின் சிவப்பு போய்விட்டது. தான் வாங்கிக் கொடுத்த டானிக் என்றாள் அத்தை.

துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா தம்பியைப் பற்றிக் கேட்பாள். என்ன சாப்பிட்டான், சளி பிடித்திருக்கிறதா, யார் குளிப்பாட்டுவது. ஒருநாள் அவனுக்குக் கீழ்வரிசையில் புதுப் பல் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

“தூக்கிட்டு வந்து கல்லு மேல நிறுத்து. வாயத் திறக்கச் சொல்லு, பாக்கணும்.”

நிறுத்தினேன். அவன் வாயைத் திறந்து அழுதான். பத்தடி தூரத்திலிருந்து பல் தெரியாது. அம்மா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, தெரியுது தெரியுது என்றாள்.

அத்தைக்கு மூன்றாவது வாரத்தில் இருமல் வந்தது.

இதற்கு மேல் யாருக்கும் நிரூபணம் தேவைப்படவில்லை. வீட்டுக்காரம்மா தன் பேரப்பிள்ளைகளை எங்கள் வரிசைப் பக்கம் விடுவதை நிறுத்தினார். அத்தை அடுப்படியிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நெஞ்சைத் தடவியபடி, ஒட்டிக்கிச்சு என்று அப்பாவிடம் சொன்னாள். அழுதாள். பயம்தான். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மறுநாள் குரோம்பேட்டைக்குத் திரும்பினாள். ஒரு மாதத்தில் அவளுக்கு முழுதாகக் குணமாகிவிட்டது. ஏதோ பச்சிலைச் சாறு என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

போகும் முன் அவளும் அப்பாவும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். மதுராந்தகத்திலிருந்து மாமாவை, அம்மாவின் அண்ணனை, வரச் சொல்லிக் கார்டு போடுவது. கார்த்திகை தீபம் முடிந்ததும் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப் போன ஒரு பெண் திரும்பி வரவில்லை. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, சிவப்பு நூல் கட்டிய சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

அத்தை போனதும் சமையல் என்னிடம் வந்தது. அப்பா காலையில் தாம்பரம் பக்கம் தினக்கூலி வேலை தேடிப் போய்விடுவார். நான் சோறு வடித்து, ஒரு குழம்போ ரசமோ வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். பல நாள் போகவில்லை. சமையலறைக் கதவைத் திறந்து வைத்தால் புகை முன்னறையில் தூங்கும் தம்பி மேல் போகும். சாத்திக்கொண்டுதான் சமைக்க வேண்டும். ஈரத்தில் முதல் தீ பிடிக்கும்வரை ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுவதற்கு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் என்பதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. அந்த இரும்புக் குழாயின் முனை உதட்டில் சுடும். நாக்கில் தார் ருசிக்கும். ஆறாம் நாள் எனக்கு இருமல் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவை அடுத்த நாளே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கோவளம் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வாரம் இரண்டு நாள் வருவார். பஸ்ஸில் பெருங்களத்தூர் வந்து, அங்கிருந்து கூடையோடு நடை. லாக்கவுட்டுக்குப் பிறகு நாங்கள் வாங்குவது அபூர்வம். ஆனாலும் எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டுவிட்டுத்தான் போவார். அம்மா கொட்டகைக்குப் போன பிறகும் அவர் வழக்கத்தை மாற்றவில்லை. துவைக்கிற கல்லைத் தாண்டிப் போய் அம்மாவின் பாயிலேயே உட்கார்ந்தார். யாரோ எச்சரித்தபோது, கடல் காற்று குடித்த உடம்பு, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வந்தார். மழைக் கடல், மீன் இல்லை. கூடையில் கருவாடுதான். அப்பா வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார். நான் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்து, குனிந்து நின்று இருமினேன். என் பின்னாலேயே புகை வந்தது. மீன்காரம்மா மூக்கைச் சுருக்கினார். எழுந்து வந்து சுவரோர அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். பிறகு சமையலறைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“இன்னாண்ணா இது, தாரு கட்டை. இத்த வூட்டுக்குள்ளயா எரிக்கிறீங்கோ?”

அப்பா அவர் கையிலிருந்த துண்டை வாங்கி அடுக்கில் திருப்பி வைத்தார்.

“படகுக்கு தாரு அடிப்போம் நாங்க. பலகை ஒடஞ்சா அத்த மணல்ல போட்டுத்தான் கொளுத்துவோம், அதுவும் காத்து எந்தப் பக்கம்னு பாத்துகினு. எங்க ஓரகத்தி ஒருத்தி குடிசைக்குள்ள எரிச்சிட்டு ஒரு மாசம் இதே மாதிரி இருமிகினு கெடந்தா. நீங்க ஜன்னலுக்கு வேற தகரம் அடிச்சி வெச்சிகிறீங்கோ. இந்தம்மாக்கு காசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மொதல்ல அது இருமிச்சி, அப்பால உங்க அக்கா, இப்ப இந்தப் பொண்ணு. அடுப்பாண்ட யார் குந்துறாங்களோ அவங்கதான் இருமுறாங்கோ. கண்ணு இல்லயா உங்களுக்கு?”

கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காசு கேட்காமல் ஒரு கைப்பிடி கருவாடு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்பா வெகுநேரம் அந்தக் கட்டை அடுக்கைப் பார்த்தபடி இருந்தார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தகரத்தின் ஒரு மூலையை நெம்புகிற சத்தம் கேட்டது. நின்றது. வெளியே வந்து வீட்டுக்காரர்களின் மாடியைப் பார்த்தார். கொடியில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. சுத்தியலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, “மழை நிக்கட்டும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா கடைத்தெருப் பக்கம் போயிருந்தபோது ஊதுகுழலோடு நின்ற என்னை அம்மா கல்லுக்குக் கூப்பிட்டாள். மீன்காரம்மா சொன்னதையெல்லாம் கொட்டகையிலிருந்து கேட்டிருந்தாள்.

“அன்னிக்கு டாக்டர் அடுப்பப் பத்தி எதுனா கேட்டாரா?”

“கேட்டாரு.”

“அப்பா என்ன சொன்னாரு?”

சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அதைச் சொன்னால் அம்மா மதுராந்தகம் போக வேண்டியதில்லை என்று தோன்றியது. சொன்னேன். ஸ்டவ்தான் டாக்டர் என்று அப்பா சொன்னபடியே, அந்தக் குரலிலேயே சொன்னேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சேன் பாரு” என்றாள்.

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சொம்பின் கழுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துவைக்கிற கல்லைத் தாண்டி வந்தாள். முதலில் முன்னறைக்குப் போய்த் தம்பியைத் தூக்கி, அவன் வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தாள். அவன் கடித்தான். அவனை இறக்கிவிட்டுச் சமையலறைக்குள் வந்து என் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். வாசற்படியில் நின்றார்.

“சீட்டுல ரெண்டு தடவையும் இல்லன்னுதான வந்திருக்கு?” என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “எங்க அண்ணனுக்குக் கார்டு போட்டுடுங்க, வர வேணாம்னு.”

“இன்னிக்கு ஸ்டவ்ல வேணா...” என்று அப்பா தொடங்கினார்.

“அதுல ஏது எண்ணெய்” என்றாள் அம்மா. என்னிடம், “நீ தம்பியத் தூக்கிட்டு வெளிய போ. போய்ப் படி. கதவச் சாத்திட்டுப் போ.”

சாத்தினேன். நான் சொன்ன உண்மை அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. கொண்டுவந்து எங்கே உட்கார வைத்தது என்பது சாத்திய கதவுக்கு உள்ளிருந்து கேட்டது. முதல் இருமல் வர அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். வீட்டுக்காரம்மா கற்பூரம் ஏற்றினார், பேரப்பிள்ளைகள் மறுபடி எங்கள் வாசலில் விளையாடினார்கள். இருமல் இருந்தது. ஆனால் அது பழைய இருமலின் மிச்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். என் இருமல் பத்து நாளில் நின்றது. அந்த அரையாண்டுத் தேர்வில் நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

மாசியில் கம்பெனி திறந்தது. அதற்குள் கட்டை தீர்ந்திருந்தது. அப்பா இன்னொரு வண்டி வாங்கினார். சம்பளம் வந்தாலும் விட்டுப்போன செலவுகள் நிறைய இருந்தன, கட்டை மலிவாக இருந்தது. மழை நின்ற பிறகும் தகரம் இருந்தது. இரண்டு வருடம் கழித்து நாங்கள் வீடு மாறியபோது அந்த மூலை மட்டும் சற்று வளைந்து, உட்பக்கம் கறுத்து, அப்படியே இருந்தது.

கேஸ் நான் கல்லூரியில் படிக்கும்போது வந்தது. அப்போதே அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாது. ஐம்பது வயதில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் கடப்பாள். நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போன அன்று நான்தான் படிவம் நிரப்பினேன். புகைப் பழக்கம் என்று ஒரு கட்டம். இல்லை என்று எழுதினேன். அடுப்பு பற்றி அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். நான் அப்போது வேலையில் இருந்தேன். நல்ல புடவை கட்டியிருந்தேன். அம்மா அறுபதைத் தாண்டவில்லை. அந்தப் பித்தளை ஸ்டவ் யாரிடம் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏகமனதாக என்று முதலில் எழுதினேன். அப்படியென்றால் என் கையும் அதில் உண்டு. பொறுக்க முடியாத அந்த வாசனை என் பால்கனிக்கும் வந்துகொண்டிருந்தது. கை தூக்கும்போது எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கீழே இறங்கிப் பக்கத்து மனைக்குப் போனேன். அதற்குள் ஷீட் அடித்துவிட்டார்கள். புது ஷீட், நன்றாக மடக்கி, கீழே செங்கல் வைத்து இறுக்கியிருந்தது. ஷெட்டின் வாசல் வழியாக மட்டும் புகை வெளியே வந்தது. எட்டிப் பார்த்தேன். வாட்ச்மேனின் மனைவி குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தூளியில் ஒரு குழந்தை. மூலையில் சிலிண்டர் ஒன்று, மேலே பூப்போட்ட துணி போர்த்தி. அதைப் பார்த்துவிட்டு, கேஸ் இருக்கிறதே என்று கேட்டேன்.

“அது ஊர்லேர்ந்து யாராச்சும் வந்தா டீ போட, மேடம்” என்றாள். பாதியில் நிறுத்தி, தகரத்தில் கையை ஊன்றி இருமினாள். நான் காத்திருந்தேன். மழைக்கு முன்னால் இந்த ஷீட்டை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள்.

“வேணாம் மேடம். நல்லதாப் போச்சு. சாரல் உள்ள வராது.”